யாருடைய கையில் துப்பாக்கி? – அமெரிக்கக் குடிப்படைகளின் கதை

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கம் செய்யும் பத்திரிகையாளர்களுக்குச் சில ஆங்கிலச் சொற்கள் தீராத தலையிடி. அவற்றுள் ஒன்று 'மிலிஷியா'. லெபனானைப் பற்றிய செய்தியில் அது வந்தால் 'ஆயுதக்குழு' என்று எழுதுவது எமது வழக்கம். வேறு சில நாடுகளின் செய்திகளில் 'துணைப்படை' என்போம். 1980களின் நடுப்பகுதியில் இலங்கையின் எல்லைப்புறக் கிராமங்களில் அரசாங்கம் துப்பாக்கிகளை வழங்கிக் கிராமவாசிகளை அணிதிரட்டிய பின்னர் 'ஊர்காவற்படை' என்ற சொல்லும் எமது கையிருப்பில் சேர்ந்தது. ஆனால், அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தில் வரும் 'மிலிஷியா'வுக்கு இவற்றில் எதுவுமே பொருந்துவதில்லை. ஆயுதக்குழு அரசுக்கு வெளியே நிற்பது. ஊர்காவற்படை அரசு கொடுத்த துப்பாக்கியுடன் நிற்பது. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவிலோ, குடிமகன் தன் சொந்தத் துப்பாக்கியைத் தோளில் சுமந்துவந்து அரசின் அணிவகுப்பில் நின்றான். அதனால் இக்கட்டுரையில் அதனைக் 'குடிப்படை' என்றே அழைக்கிறேன்.

ஆங்கில மூலத்தில் 27 சொற்களை மட்டுமே கொண்ட அந்தத் திருத்தத்தின் சாரம் இதுதான்: நன்கு ஒழுங்கமைந்த குடிப்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியமாகையால், ஆயுதங்களை வைத்திருப்பதற்கும் தாங்குவதற்கும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அமெரிக்கர்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். வாக்கியத்தின் முற்பகுதி முக்கியமா, பிற்பகுதி முக்கியமா என்பதே வெளியில் தெரியும் சர்ச்சை. ஆனால், அதன் வரலாற்றைத் தொடர்ந்து வாசித்துவரும்போது வேறொரு கேள்வியே மீண்டும் மீண்டும் தலைதூக்குவதைக் காண்கிறேன். அந்த வாக்கியத்தில் 'மக்கள்' எனப்படுவோர் யார்?

இது நமக்குத் தொலைவான விவகாரமன்று. புலம்பெயர்ந்த எமது உறவுகள் பலரின் பிள்ளைகள் இன்று அமெரிக்கப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். துப்பாக்கிதாரி ஒருவன் உள்ளே நுழைந்தால் கதவை எப்படிப் பூட்டுவது, எங்கே ஒளிந்துகொள்வது என்று அங்கே அவர்களுக்குப் பயிற்சியளிக்கப்படுகிறது. அந்தப் பயிற்சியின் பின்னால் இருக்கும் சட்டத்தின் கதையை அறிந்திருப்பது பயனுடையது.

மன்னனின் இராணுவம் மீதான அச்சம்

இந்தக் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் புரொட்டஸ்தாந்துகளின் ஆயுதங்களைக் களைந்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர் வீழ்த்தப்பட்ட பின்னர் 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், புரொட்டஸ்தாந்துக் குடிகள் தத்தம் தகுதிக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கும் தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருக்கலாம் என்று கூறியது. ஆயுத உரிமை ஏட்டில் எழுதப்பட்ட முதல் நாளிலேயே ஒரு மதத்தவரை உள்ளே சேர்த்து மற்றொரு மதத்தவரை வெளியே நிறுத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியேற்றவாசிகள் இந்த மரபைக் கப்பலில் கொண்டுசென்றார்கள். சமாதான காலத்தில் நிரந்தர இராணுவம் வைத்திருப்பது கொடுங்கோன்மையின் அடையாளம் என்பது அவர்களின் நம்பிக்கை. 1770 மார்ச் 5ஆம் திகதி பொஸ்டன் நகரத் தெருவில் பிரித்தானியச் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டபோது அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது. 1775 ஏப்ரல் 18ஆம் திகதி இரவு, கொன்கோட் என்ற ஊரில் குடியேற்றவாசிகள் பதுக்கி வைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்றுவதற்காகச் சுமார் 700 சிப்பாய்கள் பொஸ்டனிலிருந்து புறப்பட்டார்கள். மறுநாள் 19ஆம் திகதி வழியில் லெக்சிங்டன் புல்வெளியில் எழுபது, எண்பது பேரைக் கொண்ட உள்ளூர்க் குடிப்படை அவர்களை எதிர்கொண்டது. அங்கே எட்டுக் குடியேற்றவாசிகள் உயிரிழந்தார்கள். சுதந்திரப் போர் அன்றுதான் மூண்டது. ஏப்ரல் 19 என்ற இந்தத் திகதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

ஏரைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்த விவசாயி அன்று முதல் அமெரிக்கத் தேசியப் புராணத்தின் நாயகனானான். போரை நடத்திய தளபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் அபிப்பிராயமோ வேறு. 1776 செப்டெம்பரில் காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில், குடிப்படையை நம்புவது முறிந்த ஊன்றுகோலில் சாய்வதற்குச் சமம் என்று அவர் மனம் நொந்து குறிப்பிட்டார். நினைத்த நேரத்தில் வருவதும் அறுவடைக் காலத்தில் வீடு திரும்புவதுமான படையை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு அப்படி.

கிளர்ச்சி செய்யவா, கிளர்ச்சியை அடக்கவா?

இன்று அமெரிக்காவில் தம்மைத் தாமே 'மிலிஷியா' என்று அழைத்துக்கொள்ளும் தனியார் ஆயுதக்குழுக்கள், கொடுங்கோல் அரசாங்கத்தை எதிர்ப்பதற்காகவே தேசத்தின் முன்னோர் மக்களுக்கு ஆயுத உரிமை அளித்தார்கள் என்று வாதிடுகின்றன. மத்திய அரசின் படைபலம் பற்றிய அச்சம் அந்தத் தலைமுறையில் பலரிடம் இருந்தது உண்மையே. ஆயினும், அரசியலமைப்பு எழுதப்பட்ட சூழலைப் பார்த்தால் அந்த வாதத்தின் பலவீனம் தெரியும்.

1786இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதி விவசாயிகள் கடனாலும் வரியாலும் நசுக்கப்பட்டார்கள். கடனுக்காக நிலம் பறிக்கப்பட்டது; கடன்காரர்கள் சிறைக்குப் போனார்கள். சுதந்திரப் போரில் கப்டனாகப் பணியாற்றிய டானியல் ஷேய்ஸ் போன்றோரின் தலைமையில் அவர்கள் திரண்டு நீதிமன்றங்கள் கூடவிடாமல் தடுத்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் களஞ்சியத்தை நோக்கிச் சென்றபோது மாநிலக் குடிப்படை பீரங்கியால் சுட்டது. நால்வர் மாண்டனர். ஒரே மாநிலத்தின் மக்கள் இரு பக்கமும் நின்றார்கள். சட்டத்தின் கண்ணில் ஒரு பக்கம் குடிப்படை, மறுபக்கம் கிளர்ச்சிக்காரர்கள்.

சில மாதங்களில் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் இந்தக் கிளர்ச்சியின் நிழல் படர்ந்திருந்தது. குடிப்படையை அழைக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு வழங்கப்பட்டபோது அதற்கான நோக்கங்கள் மூன்று குறிப்பிடப்பட்டன: சட்டங்களை நிறைவேற்றுதல், கிளர்ச்சிகளை அடக்குதல், படையெடுப்புகளை முறியடித்தல். அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுவது அந்தப் பட்டியலில் இல்லை. 1794இல் மேற்குப் பென்சில்வேனியாவின் விவசாயிகள் விஸ்கி வரியை எதிர்த்துக் கிளம்பியபோது, ஜனாதிபதி வாஷிங்டன் சுமார் 13,000 குடிப்படையினரைத் திரட்டித் தாமே குதிரையேறிப் புறப்பட்டார்.

இரண்டாவது திருத்தத்தின் மூல வரைவை 1789இல் ஜேம்ஸ் மடிசன் சமர்ப்பித்தார். ஆயுதம் தாங்குவதற்கு மத அடிப்படையில் மனம் ஒப்பாதவர்களைப் படைச்சேவைக்கு நிர்ப்பந்திக்கக் கூடாது என்ற வாசகமும் அதில் இருந்தது. அது பின்னர் நீக்கப்பட்டது. ஆனால், 'ஆயுதம் தாங்குதல்' என்ற தொடரை மடிசன் படைச்சேவையோடு சேர்த்தே சிந்தித்தார் என்பதற்கு அது சான்று. திருத்தம் 1791 டிசெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அடுத்த வருடமே காங்கிரஸ் குடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. 18 வயது முதல் 45 வயதுக்கு உட்பட்ட, உடல்வலுவுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமக்கள் அனைவரும் குடிப்படையில் பதிய வேண்டும். ஆறு மாதங்களுக்குள் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, இரண்டு உதிரிச் சக்கிமுக்கிக் கற்கள், 24 தோட்டாக்களுக்குக் குறையாத பை ஆகியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைய ஆயுத உரிமை இவ்வாறு கடமையின் வடிவிலேயே குடிமகனின் வாசலுக்கு வந்தது. நடைமுறையில் அது விரைவிலேயே தேய்ந்துபோனது. துப்பாக்கி இல்லாதவர்கள் சோளத் தட்டையையும் தும்புத்தடியையும் தோளில் சார்த்தி அணிவகுத்தார்கள். பயிற்சி நாள் பல ஊர்களில் குடித்துக் களிக்கும் திருவிழாவாயிற்று.

ஆனால், அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு சொல் தேயவேயில்லை. அது 'வெள்ளை' என்ற சொல்.

நிறம் பார்த்த உரிமை

தென் மாநிலங்களில் குடிப்படைக்கு வேறொரு வேலையும் இருந்தது. அடிமைகள் இரவில் நடமாடுகிறார்களா, கூட்டம் கூடுகிறார்களா, குடிசைகளில் ஆயுதம் இருக்கிறதா என்று சோதிக்கும் ரோந்துப் படைகள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே தென் கரோலினா போன்ற குடியேற்றங்களில் இயங்கின. பல இடங்களில் அவற்றுக்கு ஆள் கொடுத்தது குடிப்படையே. இரண்டாவது திருத்தத்தின் பிறப்பில் அடிமைமுறைக்கு எவ்வளவு பங்கிருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் முரண்படுகிறார்கள். பிறந்த பின்னர் அது எவ்வாறு பிரயோகிக்கப்பட்டது என்பதிலோ ஐயத்துக்கு இடமில்லை.

1831இல் வேர்ஜீனியாவில் நாட் ரேணர் என்ற அடிமையின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பின் சுதந்திரமான கறுப்பினத்தவரும் ஆயுதம் வைத்திருக்க அங்கே தடை வந்தது. 'சுதந்திர மனிதர்கள்' ஆயுதம் தாங்கலாம் என்றிருந்த டெனசி மாநில அரசியலமைப்பு, 1834இல் 'சுதந்திர வெள்ளை மனிதர்கள்' என்று மாற்றியெழுதப்பட்டது. 1857இல் டிரெட் ஸ்கொட் வழக்கின் தீர்ப்பில் பிரதம நீதியரசர் ரோஜர் டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றால் விளையக்கூடியவற்றைப் பட்டியலிட்டார். அவர்கள் விரும்பிய இடமெல்லாம் ஆயுதத்துடன் செல்லலாம் என்பது அவற்றில் ஒன்று. குடியுரிமைக்கும் ஆயுதத்துக்கும் உள்ள தொடர்பை அத்தீர்ப்பைப் போல் அப்பட்டமாக வேறெதுவும் எடுத்துரைக்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உள்ளூர் அதிகார சபையின் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மிசிசிப்பி மாநிலம் குற்றமாக்கியது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம் அவர்களின் குடியுரிமையை உறுதிப்படுத்தியது. ஏட்டில் இருந்த அந்த உரிமை லூசியானா மாநிலத்தின் கொல்ஃபக்ஸ் என்ற சிற்றூரில் சோதனைக்குள்ளானது.

1872 மாநிலத் தேர்தலில் இரு தரப்பும் வெற்றிக்கு உரிமை கோரின. தம் தரப்பு அதிகாரிகளைப் பாதுகாக்கக் கொல்ஃபக்ஸின் கறுப்பினத்தவர் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பதுங்குகுழி தோண்டிக் காவலிருந்தார்கள். 1873 ஏப்ரல் 13, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று ஆயுதந்தரித்த வெள்ளையர் கூட்டம் சிறு பீரங்கியுடன் அவர்களைத் தாக்கியது. கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சரணடைந்தவர்களும் அன்றிரவு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தோர் தொகை அறுபதிலிருந்து நூற்றைம்பது வரை பலவாறாகக் கணிக்கப்படுகிறது. வெள்ளையர் தரப்பில் மாண்டவர் மூவர்.

கொலைகாரர்களில் மூவரை மட்டுமே மத்திய அரசின் வழக்குத்தொடுநர்களால் குற்றவாளிகளாக நிறுவ முடிந்தது. கறுப்பினத்தவரின் ஒன்றுகூடும் உரிமையையும் ஆயுதம் தாங்கும் உரிமையையும் பறிக்கச் சதிசெய்தமை குற்றப்பத்திரத்தில் இடம்பெற்றிருந்தது. 1876இல் குருக்ஷாங்க் வழக்கில் அமெரிக்க உயர்நீதிமன்றம் அந்த மூவரையும் விடுவித்தது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். தனிமனிதர்களின் செயலை அது தொடாது. மக்கள் பாதுகாப்புக்குத் தத்தம் மாநிலத்தையே நாட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த மாநிலத்தின் வீதிகளை ஆண்டவர்கள் யார் என்பதை நீதியரசர்கள் அறியாதவர்களல்லர்.

தொழிலாளர்களும் கறுஞ்சிறுத்தைகளும்

நிறத்துக்கு அடுத்ததாக வர்க்கம் வந்தது. 1879 டிசெம்பரில் சிகாகோவில் ஜெர்மானிய வம்சாவளித் தொழிலாளர்களின் தற்காப்பு அமைப்பைச் சேர்ந்த சுமார் 400 பேர் துப்பாக்கிகளுடன் ஊர்வலம் போனார்கள். வாளேந்திக் குதிரையில் தலைமை தாங்கிச் சென்ற ஹேர்மன் பிரெஸ்ஸருக்கு 10 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1886இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தனியார் படையணிகள் ஆயுதத்துடன் அணிவகுப்பதைத் தடைசெய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்ற அந்தத் தீர்ப்பே, தனியார் 'மிலிஷியா'க்களுக்கு எதிரான சட்டங்களுக்கு இன்றும் ஆதாரம்.

1903இல் குடிப்படை இரண்டாகப் பிரிந்தது. ஒழுங்கமைந்த பகுதி 'தேசியக் காவற்படை' ஆயிற்று. எஞ்சிய ஆண்கள் சட்டப்புத்தகத்தில் மட்டும் குடிப்படையினராக எஞ்சினர். இதன்பின் துப்பாக்கியைச் சொந்தமாகக் கொண்டுவரும் குடிமகனுக்கு அரசின் அணிவகுப்பில் இடமில்லை. 1939இல் மில்லர் வழக்கு வந்தது. குறுக்கப்பட்ட குழலைக் கொண்ட துப்பாக்கியை ஒக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சோவுக்குக் கொண்டுசென்ற இருவர் அதில் பிரதிவாதிகள். அத்தகைய ஆயுதத்துக்கும் ஒழுங்கமைந்த குடிப்படையின் பேணுகைக்கும் தொடர்பிருப்பதாகக் காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் ஏகமனதாகக் கூறியது. அடுத்த ஏழு தசாப்தங்களுக்கு வாக்கியத்தின் முற்பகுதியே ஆட்சி செய்தது.

1966இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஹியூ நியூட்டனும் பொபி சீலும் கறுஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அந்த மாநிலத்தில் துப்பாக்கியை வெளிப்படையாகக் கொண்டுசெல்ல அப்போது சட்டம் அனுமதித்தது. கறுப்பினத்தவரை பொலிஸார் மறிக்கும் இடங்களில் சிறுத்தைகள் துப்பாக்கியுடன் ஒதுங்கி நின்று கண்காணித்தார்கள். சட்ட வாசகங்களை உரத்துச் சொன்னார்கள். அதனை நிறுத்த ஒரு சட்டமூலம் வந்தபோது, 1967 மே 2ஆம் திகதி முப்பது பேர் ஆயுதங்களுடன் மாநிலச் சட்டசபைக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். சட்டமூலம் விரைவாக நிறைவேறியது. அதில் கையொப்பமிட்ட ஆளுநர், பிற்காலத்தில் துப்பாக்கி ஆதரவாளர்களின் அன்புக்குரிய ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்.

மீண்டும் ஏப்ரல் 19

1871இல் இராணுவ அதிகாரிகள் குறிபார்த்துச் சுடும் திறனை வளர்க்கவென அமைத்த தேசிய றைஃபிள் சங்கம், 1977இல் சின்சினாட்டி மாநாட்டில் கடும்போக்காளர்களின் கைக்கு மாறியது. அதன்பின் தனிமனித ஆயுத உரிமை என்பது ஓர் அரசியல் இயக்கமாக உருவெடுத்தது. பழைமைவாதியான ஓய்வுபெற்ற பிரதம நீதியரசர் வொரன் பேர்கர் 1991இல் அந்த வியாக்கியானத்தைத் தம் வாழ்நாளில் கண்ட பெரும் மோசடிகளில் ஒன்று என்று தொலைக்காட்சியில் சாடினார். ஆனால் காற்று மாறிவிட்டிருந்தது.

1992இல் ஐடஹோ மாநிலத்து ரூபி ரிட்ஜில் மத்திய அதிகாரிகள் நடத்திய முற்றுகையில் ஒரு தாயும் 14 வயது மகனும் ஓர் அதிகாரியும் மாண்டனர். 1993இல் டெக்சஸ் மாநிலத்து வேகோவில் ஒரு மதக்குழுவின் வளாகத்தை முற்றுகையிட்ட 51ஆவது நாளான ஏப்ரல் 19இல், எழுபதுக்கு மேற்பட்டோர் தீயில் அழிந்தனர். இந்த இரு சம்பவங்களிலும் அரசின் நடத்தை கண்டனத்துக்குரியதே. அந்தக் கோபத்திலிருந்துதான் நவீன தனியார் 'மிலிஷியா'க்கள் முளைத்தன. 1995 ஏப்ரல் 19, அதாவது வேகோவின் இரண்டாம் ஆண்டு நிறைவிலும் லெக்சிங்டனின் 220ஆம் ஆண்டு நிறைவிலும், திமொத்தி மெக்வே ஒக்லஹோமா நகரின் அரச கட்டடத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தான். 168 பேர் பலியானார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். லெக்சிங்டன் புல்வெளியில் நின்றவர்களின் வாரிசாகத் தன்னைக் கருதிக்கொண்ட ஒருவன் பால்குடிகளைக் கொன்றான்.

2008 ஜூன் 26ஆம் திகதி ஹெல்லர் வழக்கில் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வாக்கியத்தின் பிற்பகுதிக்கு முடிசூட்டியது. குடிப்படையைப் பற்றிய முற்பகுதி வெறும் முன்னுரை. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று நீதியரசர் ஸ்கலியா எழுதினார்.

2010இல் அதே உரிமையை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் எதிராக வென்றெடுத்தவர் ஓட்டிஸ் மெக்டொனால்ட். எழுபது வயதைக் கடந்த கறுப்பின ஓய்வூதியர். லூசியானாவில் வாரக் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து சிகாகோவில் குடியேறியவர். தன் வீட்டை உடைத்த திருடர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி வழக்காடினார். அத்தீர்ப்போடு உடன்பட்டுத் தனியாக எழுதிய கறுப்பின நீதியரசர் கிளரன்ஸ் தோமஸ், கொல்ஃபக்ஸ் படுகொலையையும் குருக்ஷாங்க் தீர்ப்பையும் விரிவாக நினைவுகூர்ந்தார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் என்போன்றோர் எளிதில் தாண்டிச்செல்ல முடியாத வாதம் இது. நிராயுதபாணியாக்கப்பட்டவர்களின் வரலாற்றை அறிந்த எவரும், அரசே போதும் என்று அவர்களிடம் கூசாமல் சொல்லிவிட முடியாது.

ஆனால், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கொல்ஃபக்ஸில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களிடமும் துப்பாக்கிகள் இருந்தன. அவை அவர்களைக் காப்பாற்றவில்லை. எதிரே அதிக துப்பாக்கிகளும் ஒரு பீரங்கியும் இருந்தன; பின்னால் அவர்களைக் கைவிட்ட நீதிமன்றம் இருந்தது. அமெரிக்காவில் பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2021இல் மட்டும் 48,830 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இந்தத் தொகையில் கொடுங்கோலனிடமிருந்து விடுதலை பெற்ற எவரையும் நான் காணவில்லை.

2021 ஜனவரி 6ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரஸ் கட்டடம் தாக்கப்பட்டபோது, 'ஓத் கீப்பர்ஸ்' என்ற குழு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஹோட்டலில் துப்பாக்கிகளைக் குவித்து வைத்திருந்தது. அதன் தலைவர் ஸ்டுவர்ட் றோட்ஸ் தேசத்துரோகச் சதிக்காக 2023இல் 18 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் தண்டனையைக் குறைக்கவே அவர் வெளியே வந்தார். டானியல் ஷேய்ஸின் காலத்தில் எழுந்த கேள்வி அப்படியே நிற்கிறது. ஆயுதந்தரித்த ஒரு கூட்டம் குடிப்படையா, கிளர்ச்சிக் கும்பலா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அதிகாரத்தில் இருப்பவரே தீர்மானிப்பார் என்றால், 'நன்கு ஒழுங்கமைந்த' என்று தொடங்கும் அந்த வாக்கியத்துக்குப் பொருளேதும் மிஞ்சாது.

கொல்ஃபக்ஸில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாநில அரசு ஓர் அறிவிப்புப் பலகையை நாட்டியது. அங்கே நடந்ததை அது 'கலவரம்' என்று குறிப்பிட்டது. தெற்கில் தவறான ஆட்சி முடிவுக்கு வந்த நிகழ்வென்று பெருமையும் பேசியது. எழுபது வருடங்கள் அளவில் நின்ற அந்தப் பலகை 2021இல் அகற்றப்பட்டது. படுகொலையின் 150ஆம் ஆண்டான 2023இல், கொல்லப்பட்டோரில் அடையாளம் காணப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுக்கல் அவ்வூரில் திறந்துவைக்கப்பட்டது. கலவரம் என்ற சொல்லுக்கும் படுகொலை என்ற சொல்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தூரத்தைக் கடக்க அமெரிக்காவுக்கு ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது.